அந்த மயில் என்னைத்தான் பார்க்கிறதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மதுரைக்குப் பக்கத்தில் நாகமலை அடிவாரத்தில் வீடு, அம்மா தவறிச் சில மாதங்கள் ஆகின்றன, அதிலிருந்து தினமும் விடிகாலையில் ஓர் ஆண்மயில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து நின்று உங்களையே பார்க்கிறது. உறவினர் ஒருவர் அது அம்மாதான் என்கிறார், இன்னொருவர் முருகன் அனுப்பியது என்கிறார், புகைப்படத்தை வைத்தே விலங்குகளோடு மனதால் பேசக் கற்றுத் தருகிறோம் என்று இணையத்தில் ஒரு வகுப்புக்குப் பணம் கேட்கிறார்கள். காட்டு உயிர்களோடும் இயற்கையோடும் ஆன்மிகமான தொடர்பு என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை எப்படி அடைவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் பட்டது வேறு. அந்த உயிருக்கு நான் தெரிகிறேனா, நான் இங்கே இருப்பது அதற்கு ஒரு பொருட்டா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். மேலூர், அழகர்கோவில் வட்டாரத்தில் நெடுங்காலம் மாடும் ஆடும் பார்த்தவன். இந்தப் பக்கம் வேலை பார்த்தால் காட்டு உயிர்களும் தானாகவே மேசைக்கு வந்துவிடும். நாய் துரத்திக் கிணற்றில் விழுந்த புள்ளிமான், மருந்து வைத்த தானியத்தைத் தின்ற மயில், பட்டத்து நூலில் இறக்கை அறுந்த பருந்து என்று வனத்துறைக்காரர்களும் ஊர்க்காரர்களும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் ஒரு விலங்கின் உடம்பு பயத்தில் என்ன செய்யும், அமைதியில் என்ன செய்யும், எது எதற்காக எங்கே வரும் என்பது பற்றி என்னால் ஓரளவு உறுதியாகப் பேச முடியும். இறந்தவர்கள் எங்கே போகிறார்கள், எந்த உருவில் வருகிறார்கள் என்பது என் படிப்புக்கு எட்டாத இடம். அங்கே வந்ததும் நின்றுவிடுவேன்.

மயிலிலிருந்தே தொடங்கலாம். மயில்கள் ராத்திரி உயரமான மரங்களில் அடையும், வெளிச்சம் வந்ததும் இறங்கும், வெயில் படுகிற, நாலு பக்கமும் பார்வைக்குத் தெரிகிற ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இரை தேடப் போகும். மலையடிவாரத்தில் வீடுகள் பெருகிய பிறகு மொட்டைமாடிச் சுவர் அதற்கு வாகான இடமாகிவிட்டது. ஒரே ஆண்மயில் ஒரே இடத்துக்குத் தினமும் வருவது அதன் இயல்பு. பார்வை விஷயத்தில், மயிலுக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டுமென்றால் தலையைத் திருப்பி ஒரு கண்ணால் நிலைத்துப் பார்க்கும். ஆகவே அது உங்களைப் பார்க்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். இந்த ஆள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார், கையை ஓங்குவாரா என்று பார்க்கிறது. நாளாக ஆக நீங்கள் அசைந்தாலும் பறக்காமல் நிற்கிறது என்றால், உங்களால் தனக்கு ஆபத்தில்லை என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. இதுவரை நிச்சயம்.

அம்மா போன பிறகுதான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முன்பே வந்துகொண்டிருந்திருக்கலாம், தூக்கம் வராமல் விடிகாலையில் மாடிக்கு வரத் தொடங்கியது நீங்களாகவும் இருக்கலாம். இதைச் சொல்வது உங்கள் ஆறுதலைப் பறிக்க அல்ல. துக்கம் ஒரு மனிதரை ஊர் தூங்கும் நேரத்தில் எழுப்பி வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது. சத்தம் போடத் தெம்பில்லாமல், கையில் போன்கூட இல்லாமல், சும்மா நிற்க வைக்கிறது. காட்டு உயிர்கள் மனிதர்களை நெருங்கவிடுவதற்குத் தேவையான நிலை கிட்டத்தட்ட இதுதான். அம்மாதான் உங்களை அந்த மயிலிடம் கொண்டுவந்து விட்டார் என்று நீங்கள் நினைத்தால், அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்த மயிலே அம்மா என்றால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வருகிறது, ஏனென்றால் அந்த மயிலுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது, பசி இருக்கிறது, எல்லைச் சண்டை இருக்கிறது, ஒருநாள் அது வராமலும் போகலாம். அன்று நீங்கள் இன்னொரு முறை அம்மாவை இழக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

வகுப்பு விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. புகைப்படத்தைப் பார்த்து ஒரு விலங்கின் மனதைப் படிக்கலாம், தொலைவிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பலாம் என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரம் எதுவும் இல்லை. பணம் கட்டாதீர்கள். அம்மாவை இழந்த நேரத்தில் அப்படி ஒரு வகுப்பு எவ்வளவு இழுக்கும் என்று எனக்குப் புரிகிறது, அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன்.

ஆனால் விலங்குகளுக்கு நம்மைத் தெரியவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முகமூடி அணிந்தவர்கள் காகங்களைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார்கள். பிறகு அதே முகமூடியோடு யார் வந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்து துரத்தின, வருஷக்கணக்கில் மறக்கவில்லை, பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. அது அங்குள்ள காக இனம், நம் ஊர்க் காகம் வேறு இனம், என்றாலும் கசாப்புக்கடை வாசலில் காகங்கள் ஆளைத் தெரிந்து நடந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடுவதாக 2015-ல் ஜப்பானில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. குட்டியிலிருந்து மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அதைக் காணவில்லை. கண்ணோடு கண் பார்ப்பது பாசம் என்பது நாய் நம்மோடு பல ஆயிரம் வருஷம் வாழ்ந்து பெற்ற பழக்கம், காட்டு உயிர்களிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. அழகர்மலைக் குரங்கின் கண்ணை உற்றுப் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

என் அனுபவத்தில் மக்கள் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்வது தொடுதலைத்தான். காட்டு முயலைக் கையில் எடுத்தால் அடங்கிப்போய்க் கிடக்கும். பாருங்கள் சார், என்னிடம் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பார்கள். மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் எண்ண முடியாத வேகத்தில் இதயம் அடித்துக்கொண்டிருக்கும். தப்பிக்க வழியே இல்லை என்று ஆன பிறகு உடம்பு அசைவை நிறுத்திவிடுகிறது, அந்த அடக்கம் பயத்தின் கடைசிப் படி. கூகைக் குஞ்சுகள் பழைய கட்டடங்களிலிருந்து விழுந்து வரும், தடவிக் கொடுத்தால் கண்ணைப் பாதி மூடும். சுகமாகத் தூங்குகிறது என்று நினைத்துக் குழந்தைகள் முறைவைத்துத் தடவுவார்கள். அதுவும் மிரட்சிதான்.

மான் இதைவிட மோசம். துரத்தப்பட்டுப் பிடிபட்ட புள்ளிமான் ஒரு சிறு கீறலோடு வரும், காயத்தைப் பார்த்தால் பிழைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஓடிய ஓட்டத்திலும் பயத்திலும் தசைகளில் அமிலம் ஏறித் தசைநார்கள் உள்ளேயே சிதைய ஆரம்பித்திருக்கும், அந்தச் சிதைவிலிருந்து வருவது சிறுநீரகத்தை அடைக்கும். மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ இறந்துபோகும். சுற்றி நின்று செல்ஃபி எடுத்த கூட்டமும், அன்போடு கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த பெரியவரும், அந்தச் சாவில் தங்களுக்கும் பங்கிருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நல்ல மனசுள்ள மனிதர்கள்தான். தங்கள் அன்பு அந்த மானுக்குப் புலியின் வாயைப்போலத் தெரிகிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. புல்லில் படுத்திருக்கும் மான்குட்டியைத் தாய் விட்டுப்போனது என்று தூக்கி வருவதும் இப்படித்தான், தாய் அதை வேண்டுமென்றே ஒளித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே உங்கள் மயிலைத் தொடப் பார்க்காதீர்கள், அது கை எட்டும் தூரத்துக்கு வந்தாலும்.

சரி, அப்படியானால் தொடர்பு எங்கேதான் இருக்கிறது? குணமான பறவையைப் பெட்டியிலிருந்து விடும் நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். முதன்முறை பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அது திரும்பிப் பார்க்காது, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகாது, நேராகப் போய் ஒரு மரத்தில் உட்கார்ந்து இறகைக் கோதும். நன்றிகூட இல்லையே என்பார்கள். எனக்கோ அந்த இறகுக் கோதலைப் பார்த்துத்தான் மனது நிறையும். பயந்த பறவை இறகைக் கோதாது. என்னை மறந்துவிட்டு அது தன் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. நாம் பக்கத்தில் இருந்தும் ஒரு காட்டு உயிர் தன் பாட்டுக்கு மேய்வதும் கோதுவதும் குஞ்சுக்கு ஊட்டுவதும்தான் அது நமக்குத் தரக்கூடிய மிகப் பெரிய இடம் என்று நான் நம்புகிறேன். அது நம்மைத் தேடி வர வேண்டும், நம்மை நேசிக்க வேண்டும், நமக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்வரை நம் கண்ணுக்கு அது தெரியவே செய்யாது, நம்மைத்தான் அதில் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த எதிர்பார்ப்பு விழுந்த பிறகு வருகிற ஒரு நிறைவு உண்டு, அதைத்தான் ஆன்மிகம் என்ற பெயரால் என்னால் அழைக்க முடிகிறது. இது மருத்துவம் சொன்னதல்ல, நான் வந்து சேர்ந்த இடம்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. திருவிளையாடல் கதைகளில் பொற்றாமரைக் குளத்துக்கு வந்த நாரை என்ன செய்தது? பசியோடு வந்தும் கண்ணெதிரே இருந்த மீனைத் தொடாமல் நின்றது, இனி வரும் பறவைகளுக்கும் அந்த ஆசை வரக் கூடாது என்று குளத்தில் மீனே இல்லாமல் இருக்க வரம் கேட்டது. தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாகவே வந்து பால் கொடுத்தார். மற்றப் பறவைகள் கொத்தி விரட்டிய கரிக்குருவிக்கு மந்திரம் உபதேசித்து வலிமை கொடுத்தார். கரிக்குருவி என்று நம் பக்கம் சொல்கிற இரட்டைவால் குருவியைக் கூடு கட்டும் காலத்தில் கவனித்துப் பாருங்கள், தன்னைவிடப் பல மடங்கு பெரிய காகத்தையும் பருந்தையும் முதுகில் கொத்தி எல்லை தாண்ட விரட்டும். அந்தத் தைரியத்தை நம்பிக் கொண்டைக்குருவியும் புறாவும் மாங்குயிலும் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் கூடு கட்டும். இந்தக் கதையைச் சொன்னவர்கள் அந்தப் பறவையை நெடுநேரம் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும், நிரூபிக்க முடியாது. பறவைக்கும் பன்றிக்கும் முக்தி உண்டு, அதற்கு மனிதர் நடுவில் தேவையில்லை என்று நினைத்த ஊர் இது.

அப்புறம் கோவில்காடு. அழகர்கோவில், மேலூர், சிவகங்கைப் பக்கம் ஐயனாருக்கும் கருப்புக்கும் விட்ட காடுகளில் செருப்போடு நுழையக் கூடாது, சுள்ளி ஒடிக்கக் கூடாது, விழுந்த விறகைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று ஊருக்கு ஊர் கட்டுப்பாடு உண்டு. அங்கே யாரும் விலங்கோடு பேச முயன்றதில்லை. கையை அடக்கிக்கொண்டார்கள், காடு மிஞ்சியது. மதுரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-ல் அறிவிக்கப்பட்டது, மூன்று கண்மாய்கள் சேர்ந்து 38 ஹெக்டேர் அளவுதான். மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் கருவேல மரங்களில் நெருக்கியடித்துக் கூடு கட்டும். பக்கத்தில் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அது கூடும் குஞ்சுமாக இருக்கும் நேரம், வெடிச்சத்தத்தில் தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் போய்விடும். ஒரு வெடிக்காக அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது சின்ன விஷயமா? அதை வருஷா வருஷம் ஊரே செய்கிறது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று அவர்களே சொல்வார்கள், அந்த லாபம் உண்மைதான், ஆனால் லாபம் மட்டும் பார்ப்பவர்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள். ஆன்மிகத் தொடர்பு எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டால் அந்த ஊரைத்தான் காட்டுவேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலங்குகளிடம் சக்தி இருக்கிறது என்ற நம்பிக்கை எத்தனையோ விலங்குகளைக் கொன்றிருக்கிறது. நத்தம், அய்யலூர்ப் பக்கக் காடுகளில் தேவாங்கு இருக்கிறது, உள்ளங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ராத்திரி மட்டும் நடமாடும், பூச்சி தின்னும், யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. அதன் கண்ணிலும் உடம்பிலும் மாந்திரீக சக்தி இருப்பதாக நம்பி வேட்டையாடினார்கள். இப்போது கடவூரை மையமாக வைத்துக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-ல் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், இந்தியாவில் அதற்கு அதுதான் முதல். மண்ணுளிப் பாம்பை இரட்டைத்தலைப் பாம்பு, செல்வம் சேர்க்கும் என்று கடத்துவதும், வீட்டில் நட்சத்திர ஆமை வைத்தால் அதிர்ஷ்டம் என்பதும், நரிக்கொம்பு வாங்கி வைப்பதும் இதே வகைதான். நாகருக்கு வைக்கும் பாலைப் பாம்பு உணவாகக் கொள்வதில்லை, தாகத்தில் தவித்தால் குடித்து நோயில் விழும். கிளியைக் கூண்டில் வைத்து மீனாட்சியின் கிளி என்று கும்பிடுவதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பக்தி என்று வந்து ஓர் உயிரைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ வாங்கவோ சொன்னால் அந்த இடத்தில் திரும்பிவிடுங்கள்.

மயிலுக்கு அரிசி போடலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தீனிக்குப் பழகிய மயில் ஆள் பயம் விட்டு அடுத்த தெருவுக்குப் போகும், அங்கே எல்லோரும் உங்களைப்போல் இருக்க மாட்டார்கள். வயலில் இறங்கினால் விஷத் தானியம், தெருவில் இறங்கினால் நாய். அழகர்கோவில் மலைப்பாதையில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதும் புண்ணியம் என்றுதான் தொடங்கியது. இன்று பையைப் பிடுங்குகிறது, கடிக்கிறது. கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். காகத்துக்குச் சோறு வைப்பதை மட்டும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். காகம் மனிதர்களை அண்டியே வாழ்கிற பறவை, ஒரு கவளத்தால் அதன் வாழ்க்கை கெடாது. அமாவாசைக்கு அம்மாவை நினைத்து ஒரு பிடி வைத்துவிட்டு, எது வருகிறது, எப்படி மற்றதைக் கூப்பிடுகிறது என்று நின்று பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள். உங்களுக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி இருக்கிறது, சமணர் மலையின் அடியில் ஐயனார் கோவில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். சாமநத்தம் கண்மாய்க் கரையும் நல்ல இடம். அதுவும் முடியாவிட்டால் உங்கள் மாடியே போதும். சூரியன் எழும் நேரத்தில் போய், மரத்திலோ சுவரிலோ சாய்ந்து, போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். நீங்கள் வந்ததும் சுற்றிலும் ஒரு பரபரப்பு எழும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தும், அணில் வாலை ஆட்டி விடாமல் கீச்சிடும், கண்மாய்க் கரை என்றால் ஆள்காட்டி ஊரைக் கூட்டும். அதெல்லாம் உங்களைப் பற்றிய செய்திதான். அசையாமல் இருந்தால் இருபது, முப்பது நிமிடத்தில் அடங்கும், விட்ட வேலையை ஒவ்வொன்றாக எடுக்கும். அதற்குப் பிறகு திடீரென்று எல்லாம் ஒரேயடியாக அமைதியானால் அண்ணாந்து பாருங்கள், வைரி என்ற வேட்டைப் பறவை எங்காவது பறந்து போகும். சில வாரங்கள் போனால், பார்க்காமலே காதால் இதெல்லாம் உங்களுக்குப் பிடிபடத் தொடங்கும். விலங்குகளின் பேச்சைப் புரிந்துகொள்வது என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், இதற்கு யாரிடமும் தீட்சை வாங்க வேண்டியதில்லை. போனில் பறவைக் குரலைப் போட்டு அருகே இழுக்காதீர்கள், எதிரி வந்துவிட்டான் என்று அது அலைந்து களைத்துப்போகும். தனியாக மலையேற வேண்டாம், இருட்டும் முன் இறங்கிவிடுங்கள், கல்லிடுக்கில் கை வைக்காதீர்கள்.

இது துக்கத்தைக் குறைக்குமா? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள் தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. வெளியே போனதால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போனார்களா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குத் தெரிந்த சிலர், நெருங்கியவர்களைப் பறிகொடுத்துவிட்டு இப்படி உட்காரத் தொடங்கியவர்கள், தேறியிருக்கிறார்கள். தங்கள் இழப்பு எதுவும் அறியாத ஓர் உயிர் அதே காலையில் அதே கவனத்தோடு வாழ்ந்துகொண்டிருப்பதைப் பார்ப்பது அவர்களைத் தாங்கியது என்று சொன்னார்கள். தூக்கமோ சாப்பாடோ முழுக்கக் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள், மலை அதற்கு மாற்றாகாது.

இது வெறும் உட்கார்ந்து பார்ப்பதோடு நின்றுவிடும் விஷயமும் இல்லை. அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சமணர் படுக்கையும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் இருக்கிற அந்த மலைகளின் பாறை விளிம்பில்தான் லகுடு வல்லூறு மாதிரி அரிதான வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. ஊர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் பல வருஷம் பொறுமையாகப் பார்த்துக் குறித்து வைத்ததால்தான் சுமார் 250 பறவை வகைகளின் பட்டியல் கையில் இருந்தது, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதையும் சேர்த்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனபோது மேலூர் வட்டாரமே எழுந்து நின்றது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மாட்டுக்கு ஊசி போடப் போன வீடுகளில் அந்த நாட்களில் வேறு பேச்சே இல்லை. வல்லூறுக்கு அந்தப் போராட்டம் பற்றி எதுவும் தெரியாது. அவர்களில் யாரும் அது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

நடைமுறையில் இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள். வேட்டங்குடிக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் காலையில் போங்கள், வகுப்புக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு நல்ல 8x42 பைனாகுலர் வாங்கினால் கரையிலிருந்தே கூட்டுக்குள் பார்க்கலாம், பறவைக்கும் தொந்தரவு இல்லை. ஐப்பசி வாக்கில் வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி நம் பக்கம் வரும், பச்சையும் நீலமும் வயிற்றில் சிவப்புமாக இருக்கும், வந்த களைப்பில் சன்னலில் மோதி விழும். விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாமல், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தேறிவிடும், மரத்தடியில் திறந்துவிடலாம், தேறாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் மயிலுக்கும் கோடையில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம், தினமும் கழுவி மாற்ற வேண்டும், நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். மாடிக் கதவு கண்ணாடியாக இருந்தால் காலையில் திரையை இழுத்துவிடுங்கள், தன் பிம்பத்தை இன்னொரு ஆண்மயில் என்று நினைத்து அது கொத்திக் காயப்படுத்திக்கொள்ளும்.